யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? மனநோய் மருந்தாய்வுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கிளினிக் நாள்களில் காலை ஆறரை மணிக்கே வாங்கில் இடம்பிடித்துவிட வேண்டும். பிந்தினால் இலக்கத் துண்டு நாற்பதைத் தாண்டிவிடும். குளிசை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது மத்தியானமாகிவிடும். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் தொடங்கி 21 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அவன் கையில் இருப்பது மூன்றாவது கிளினிக் கொப்பி. முதல் இரண்டையும் உறை போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் அநேகமாகப் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஓர் அக்கா இருப்பார். அவருடைய மகனுக்கும் இதே நோய்தான். ஒரு நாள் அவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அமெரிக்காவில் இருக்கும் மருமகன் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. மனச்சிதைவுக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முற்றிலும் புதிய வகை மருந்து ஒன்று வந்திருக்கிறதாம்.

“மாஸ்டர், இது எங்கள் பிள்ளைக்கும் சரிவருமா? காணியை விற்றாவது எடுப்பிக்கலாம் என்று யோசிக்கிறேன்,” என்றார்.

நான் டொக்டர் அல்ல; கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். என்றாலும் ஒரு மருந்து வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால், அதை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கித் தந்தார். அந்த ஊரில் பிறந்த நாங்கள் மருந்தாய்வு பற்றி எங்கள் மொழியில் கதைக்கத் தயங்கக்கூடாது. அன்று வாங்கில் இருந்தபடி அக்காவுக்குச் சொல்லத் தொடங்கியதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் நோய்களைப் பற்றிச் சுருக்கமாக. மனச்சிதைவு என்றால் இல்லாத குரல்கள் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று அசையாமல் நம்புவது, பேச்சு கோவையிழந்து போவது, பிறகு மெல்ல மெல்ல ஆர்வமும் முகத்தின் உயிர்ப்பும் வற்றிப்போவது. உளப்பிளவை என்றும் எழுதுகிறார்கள். பிளவு என்ற சொல்லைப் பார்த்து, ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. மனச்சோர்வு என்பது துக்கம் மட்டுமல்ல. வாரக்கணக்காக எதிலும் நாட்டமில்லாமல், நித்திரையும் பசியும் குலைந்து, உயிரோடு இருப்பதே பாரமாகத் தெரிகிற நிலை அது. எங்கள் ஊரில் அதற்கு அந்தப் பெயரோடு யாரும் வருவதில்லை. “நெஞ்சு கனக்கிறது”, “தலைக்குள் யோசினை ஓடிக்கொண்டே இருக்கிறது”, “உடம்பெல்லாம் அலுப்பு” என்றுதான் வருவார்கள்.

இந்த இரண்டு நோய்களுக்கும் முதல் மருந்துகள் கிடைத்த விதம் வியப்பானது. யாரும் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்த உதவும் என்று பிரான்சில் பயன்படுத்திய குளோர்புரோமசினை, 1952 இல் பாரிஸ் நகரின் செயின்ற் ஆன் வைத்தியசாலையில் ஜோன் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு உளமருத்துவர்கள் கடும் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிவைத்துப் பராமரித்தவர்கள் எழுந்திருந்து கதைத்தார்கள். அதே காலத்தில் நியூயோர்க்கில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் என்ற மருந்து, நோயாளிகளின் மனத்தைத் தூக்கிவிட்டதை அங்கிருந்தவர்கள் கவனித்தார்கள். இமிப்பிரமினின் கதை இன்னும் விசேடமானது. சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற உளமருத்துவர் அதை மனச்சிதைவு நோயாளிகளுக்குத்தான் முதலில் கொடுத்தார். அவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை. மனச்சோர்வில் கிடந்தவர்களோ தேறினார்கள். அதை அவர் 1957 இல் வெளியிட்டார். இந்தியாவில் அதற்கும் முன்னரே, 1931 இல், சென், போஸ் என்ற இரு வைத்தியர்கள் சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உதவுகிறது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பரிகாரிமாரும் அறிந்த மூலிகைதான் அது.

கண்ணால் கண்டதே போதும் என்றால் இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். போதாது என்பதை விளக்க எனக்குக் கிணறுதான் வசதி.

யாழ்ப்பாணத்தில் புரட்டாதி மாதம் கிணற்றில் நீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில்தான் எங்களுக்குக் கவலை உச்சத்தில் இருக்கும். ஒருவர் புரட்டாதியில் கிணற்றுக்குள் ஏதோ ஒரு பொடியைத் தூவுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் நீர் மேலே வந்துவிடுகிறது. “பொடி வேலை செய்துவிட்டது” என்று அவர் மனமாரச் சொல்வார். பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஐப்பசியில் மழை தொடங்கியதை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. பொடி தூவாத பக்கத்து வளவுக் கிணற்றையும் எட்டிப் பார்த்திருந்தால் அங்கும் நீர் ஏறியிருப்பதைக் கண்டிருப்பார்.

மனநோய்க்கும் இப்படி ஒரு மழைக்காலம் இருக்கிறது. ஆட்கள் வைத்தியரிடம் வருவது நோய் மிக மோசமான கட்டத்தில். மோசமான கட்டத்துக்குப் பிறகு, எதையும் செய்யாவிட்டாலும், பலருக்குக் கொஞ்சம் இறங்கும். மனச்சோர்வு சிலருக்குச் சில மாதங்களில் தானாகவே விலகுகிறது. இதைவிட, யாரோ ஒருவர் வாரந்தோறும் அக்கறையாக விசாரிக்கிறார், கையில் மருந்து இருக்கிறது, இனிச் சுகம் வரும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து ஆளைத் தேற்றும். ஆகவே மருந்து குடித்தவர் சுகமானார் என்பது பாதிக் கதைதான். குடிக்காதவர் என்ன ஆனார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கிணறுதான் மருந்தாய்வில் வரும் வெற்றுக் குளிசை. நிறம், உருவம், சுவை எல்லாம் உண்மைக் குளிசையைப் போலவே இருக்கும். மருந்து மட்டும் இராது. சிலர் இதைப் போலி மருந்து என்று எழுதுகிறார்கள். ஆட்களை ஏமாற்றி விற்கிற கள்ள மருந்தையும் அப்படித்தானே சொல்கிறோம்? அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக நான் வெற்றுக் குளிசை என்றே எழுதுகிறேன். உளமருத்துவத்தில் இதை ஒழுங்காகச் செய்த முதல் ஆய்வுகளில் ஒன்று 1954 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் நடந்தது. ஜோயல் எல்க்ஸ், சார்மியன் எல்க்ஸ் தம்பதியினர் நெடுநாள் நோயாளிகள் 27 பேருக்குச் சில வாரம் குளோர்புரோமசினும், சில வாரம் அதே தோற்றமுள்ள வெற்றுக் குளிசையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, நடத்தையைக் குறித்துக்கொண்டார்கள். எது எப்போது கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்துக் குறிப்பவர்களுக்குத் தெரியவிடவில்லை.

அக்காவின் தொலைபேசியில் இருந்த மருந்துக்கு வருகிறேன். அது சனோமெலின், டிரோஸ்பியம் என்ற இரண்டின் கூட்டு. அமெரிக்காவில் 2024 செப்டெம்பரில் அனுமதி கிடைத்தது. இதுவரை இந்நோய்க்கு வந்த மருந்துகள் எல்லாம் மூளையில் டோபமின் என்ற இரசாயனம் போய் ஒட்டும் இடங்களை ஏதோ ஒரு வகையில் தடுப்பவை. இது வேறு வாசலால் உள்ளே போகிறது. அந்த அளவில் மருமகன் அனுப்பிய செய்தி சரி. ஆனால் அதன் முக்கியமான ஆய்வுகளில் ஒன்றின் எண்களைப் பாருங்கள். 252 பேர், 5 வாரம். நோய்க்குறிகளை அளக்கும் புள்ளித்திட்டத்தில் மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 21.2 புள்ளி இறங்கியது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் 11.6 புள்ளி இறங்கியது. மருந்தின் பங்கு 21 அல்ல. இடையில் உள்ள 9.6 தான். இது சிறிய எண் அல்ல, மதிக்க வேண்டிய வித்தியாசம். ஆனால் விளம்பரத்தில் 21 ஐ மட்டும் ஒருவர் பெரிய எழுத்தில் போட்டால், ஐப்பசி மழையையும் சேர்த்துத் தன் கணக்கில் எழுதுகிறார் என்று பொருள்.

பக்கத்துக் கிணறு என்றேன். எந்தப் பக்கத்துக் கிணறு என்பதும் முக்கியம். உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவர்களைக் கேளுங்கள். ஒரு புதிய பசளையைச் சோதிக்க விரும்பினால், கிணற்றடிப் பாத்திகளுக்கு அதைப் போட்டுவிட்டு, வேலியோரப் பாத்திகளைச் சும்மா விடக்கூடாது. கிணற்றடி எப்படியும் நன்றாகத்தான் விளையும். எந்தப் பாத்திக்குப் பசளை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். அப்போதுதான் நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், நிழலும் வெயிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரியும். இந்த முறையை வகுத்துத் தந்த ரொனால்ட் ஃபிஷர் அதைக் கற்றதே இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் என்ற விவசாய ஆய்வு நிலையத்தின் வயல்களில்தான். பிறகு அது மருத்துவத்துக்கு வந்தது. 1948 இல் வெளியான ஸ்ரெப்ரோமைசின் காசநோய் ஆய்வு அதற்கு முன்மாதிரி. எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் எழுமாற்று என்ற சொல் இதுவேதான். எழுமாறாகப் பிரிக்காவிட்டால் டொக்டர் தன்னை அறியாமலேயே தேறக்கூடியவர்களுக்குப் புது மருந்தையும், மோசமானவர்களுக்குப் பழையதையும் கொடுத்துவிடுவார். மாறியும் நடக்கலாம். நல்ல மனத்தோடு செய்தாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

மூன்றாவது ஏற்பாடு இரட்டை மறைப்பு. எந்தக் குளிசை யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, புள்ளி போடுபவருக்கும் தெரியாது. இரத்தச் சீனியை இயந்திரம் அளக்கிறது, அதற்கு ஆசையில்லை. மனநோயில் அளப்பவரும் மனிதர், அளக்கப்படுபவரும் மனிதர். “இவர் புது மருந்தில் இருக்கிறார்” என்று தெரிந்தாலே பேனா ஒரு புள்ளி இறங்கிவிடும். இதிலும் ஓட்டை உண்டு. பழைய மனச்சோர்வு மருந்துகள் வாயை வறளச் செய்யும். வாய் வறண்டால் நோயாளிக்குத் தெரிந்துவிடும், உண்மை மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று. அதற்காகச் சில ஆய்வாளர்கள் வெற்றுக் குளிசைக்குப் பதிலாக, மனத்தைத் தொடாமல் வாயை மட்டும் வறளச் செய்யும் அற்றோபினைக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையைப் பிடிக்க வேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்!

அளவுகோல் பற்றி நின்று நிதானித்துச் சொல்ல வேண்டும். செய்திகளில் இது வருவதேயில்லை.

மனச்சோர்வுக்கு மக்ஸ் ஹமில்ற்றன் 1960 இல் வெளியிட்ட 17 கேள்வித் திட்டம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு கதைத்துப் புள்ளி போடுவார், மொத்தம் 52. அதில் மூன்று கேள்விகள் நித்திரை பற்றியவை. படுத்தவுடன் நித்திரை வருகிறதா, இடையில் விழிப்பு வருகிறதா, விடியமுன் எழும்பிவிடுகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் 2 வரை போடலாம். ஆக நித்திரைக்கு மட்டும் 6 புள்ளி. இப்போது ஒரு மருந்து மனத்தை எதுவும் செய்யாமல் நன்றாகத் தூங்க மட்டும் வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே சில புள்ளிகளை இறக்கிவிடும். பல மனச்சோர்வு மருந்துகளுக்கும் வெற்றுக் குளிசைக்கும் இடையில் காணப்படும் சராசரி வித்தியாசமே சில புள்ளிகள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

மனச்சிதைவுக்கு 1987 இல் வெளியான 30 அம்சத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அம்சத்துக்கும் 1 முதல் 7 வரை. ஆகவே எந்த நோயும் இல்லாத ஒருவருக்கும் 30 புள்ளி வரும். பூச்சியத்திலிருந்து தொடங்கும் அளவுகோல் அல்ல இது. “புள்ளி 20 வீதம் குறைந்தது” என்று படித்தால், அந்த 30 ஐக் கழித்த பிறகு கணக்குப் பார்த்தார்களா என்று நான் தேடுவேன். கணித மாஸ்டரின் பழக்கம். 90 புள்ளி 72 ஆனால் மேலோட்டமாக 20 வீதம். 30 ஐக் கழித்தால் 60 இல் 18, அதாவது 30 வீதம். ஒரே நோயாளி, ஒரே மாற்றம், இரண்டு எண்கள்.

அந்த 30 அம்சங்களில் ஒன்று, நோயாளிக்குப் பழமொழியின் பொருள் விளங்குகிறதா என்று பார்ப்பது. சொல்லின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறாரா, உட்பொருளுக்குப் போகிறாரா என்பதை அது காட்டும். ஆங்கிலப் பழமொழியைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக் காரைநகரில் ஒருவரைக் கேட்டால், நோயில்லாதவரும் விழிப்பார். “யானைக்கும் அடி சறுக்கும்” என்று கேட்டால்தான் அது சோதனை. ஒரு முறை வீட்டில் என் தம்பியிடம் விளையாட்டாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பெரிய ஆட்களும் பிழை விடுவார்கள். டொக்டர்மாரும்தான்,” என்றான். நோய் முற்றியிருந்த காலத்தில் இதையே கேட்டிருந்தால், யானை எங்கே விழுந்தது என்று கேட்டிருப்பான். அளவுகோல் மொழிக்குள் இறங்காவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை என்பது அன்று எனக்கு உறைத்தது. “நெஞ்சு கனக்கிறது” என்று சொல்பவரை மனச்சோர்வுக் கேள்விகளில் எந்த இடத்தில் எழுதுவது என்பதும் இதே பிரச்சினைதான்.

எல்லா ஆய்வும் மருந்தாய்வு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்தபின் 2009 இல் யாழ் மாவட்டத்தில் 1,448 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2011 இல் வெளியானது. மனச்சோர்வின் குறிகள் 22.2 வீதமானோரிடம் இருந்தன. ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்பதை அது சொல்கிறது. எந்தக் குளிசை உதவும் என்று அது சொல்லவில்லை. சொல்ல முயலவும் இல்லை.

இனி மனத்தை வருத்துகிற பகுதி. ஒழுங்காகச் செய்த ஆய்வுகள்கூட வெளியே வராமல் கிடக்கலாம். 12 மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை எரிக் ரேணர் என்பவரும் கூட்டாளிகளும் 2008 இல் தேடிப் பார்த்தார்கள். சாதகமான முடிவு வந்தவை 38. அவற்றில் 37 வெளியாகியிருந்தன. மற்ற 36 இல் முடிவு பாதகம், அல்லது தெளிவில்லை. அவற்றில் 22 அச்சேறவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமானவை போல எழுதப்பட்டு வெளிவந்திருந்தன. உள்ளபடி வெளியானவை வெறும் 3. அந்த ஆய்வுகளுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் எங்களைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களிடமிருந்து கிடைத்த விடையை மறைத்து வைப்பது நம்பிக்கைத் துரோகம். இதற்கு வேறு மென்மையான சொல் எனக்குத் தெரியாது.

அதனால்தான் இப்போது ஆய்வு தொடங்குமுன்னரே, எதை அளக்கப்போகிறோம், எத்தனை பேரில் என்று பகிரங்கமாகப் பதிவுசெய்யச் சொல்கிறார்கள். இலங்கையிலும் 2006 இலிருந்து இதற்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. முடிவு வந்தபின் கேள்வியை மாற்ற முடியாதபடி கட்டிப்போடும் கயிறு அது.

அப்படியானால் மனச்சோர்வு மருந்துகள் பொய்யா? இல்லை. 2018 இல் அன்ட்ரியா சிப்ரியானியும் கூட்டாளிகளும் வெளியாகாதவற்றையும் தேடிச் சேர்த்து, 522 ஆய்வுகளை, 116,477 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 21 மருந்துகளும் வெற்றுக் குளிசையைவிட மேலாகவே இருந்தன. ஆனால் வித்தியாசம் சராசரியில் சிறியது. சராசரி என்பது ஒருவருக்கும் பொருந்தாத சட்டை. சிலருக்கு மருந்து வாழ்க்கையையே திருப்பித் தந்திருக்கிறது, சிலருக்கு எதுவும் செய்யவில்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை 8 வாரம் அளவில் கணக்கெடுத்தவை. எங்களவர்கள் ஐந்தாம் நாள் “ஒன்றும் செய்யவில்லை” என்று குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வில் வாரங்கள் எடுத்த ஒன்றை வீட்டில் ஐந்து நாளில் எதிர்பார்க்க முடியாது.

மனச்சிதைவில் நிறுத்துவது பற்றிய கேள்விக்குத் தனி ஆய்வுகள் இருக்கின்றன. சுகமாகி நிலையாக இருப்பவர்களை எழுமாறாக இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தைத் தொடர்ந்தும் மறு பகுதியை வெற்றுக் குளிசைக்கு மாற்றியும் பார்ப்பார்கள். அப்படியான 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012 ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, ஓராண்டில் நோய் திரும்பியவர்கள் மருந்தில் 27 வீதம், வெற்றுக் குளிசையில் 64 வீதம். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி அடிக்கடி கிடைப்பதில்லை. திடீரென்று நிறுத்தியதால்தான் அப்படி என்று ஒரு வாதம் இருந்தது. அதைப் பார்க்க இங்கிலாந்தில் 253 பேரில் மெதுவாகக் குறைத்துப் பார்த்தார்கள். 2023 இல் முடிவு வந்தது: இரண்டு ஆண்டுகளில் கடுமையாகத் திரும்பியது குறைத்தவர்களில் 25 வீதம், தொடர்ந்தவர்களில் 13 வீதம். குறைத்தவர்களின் அன்றாட வாழ்க்கையும் எதிர்பார்த்தபடி மேம்படவில்லை. அதே நேரம், குறைத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடுமையாகத் திரும்பவில்லை என்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. யார் அந்த முக்கால்வாசிக்குள் வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல யாரிடமும் வழி இல்லை. என் தம்பி இரண்டு முறை தானாகவே நிறுத்தினான். இரண்டு முறையும் வைத்தியசாலை விடுதியில் போய் முடிந்தது. குறைப்பதென்றால் டொக்டரோடு கதைத்து, மெதுவாக, வீட்டில் ஒருவர் கவனித்துக்கொண்டு குறைக்க வேண்டும்.

பழைய மருந்து என்றால் மட்டமானது என்ற எண்ணமும் எங்கள் வாங்கில் அடிக்கடி கேட்கும். அரச வைத்தியசாலையில் இலவசமாகத் தருவது பழையது, வெளியில் காசுக்கு வாங்குவது நல்லது என்று. அமெரிக்காவில் அரச பணத்தில் 1,493 மனச்சிதைவு நோயாளிகளில் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. விலை கூடிய நான்கு புதிய மருந்துகளோடு, பெர்ஃபெனசின் என்ற 1950களின் மருந்து ஒன்றையும் வைத்து ஒப்பிட்டார்கள். புதியவற்றில் மூன்று, பழையதைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. நான்காவதான ஒலான்சபின் கொஞ்சம் முன்னால் நின்றது. ஆனால் உடல் நிறையையும் அதுவே கூடுதலாக ஏற்றியது. எல்லாரையும் திடுக்கிட வைத்தது இன்னொரு எண்: 18 மாதத்துக்குள் 74 வீதமானோர் தங்களுக்குக் கொடுத்த மருந்தை விட்டுவிட்டார்கள். பலனில்லை, பக்கவிளைவு, அல்லது வேண்டாம் என்ற தீர்மானம். மருந்தை விடுவது எங்கள் பிள்ளைகளின் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிய எனக்கு, அந்த எண்ணைப் படித்த அன்று தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டேன்.

இனி அக்காவின் கேள்வி. யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்?

ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு படலை உண்டு. யாரை உள்ளே விடுவது, யாரை விடுவதில்லை என்று முதலே எழுதி வைப்பார்கள். பொதுவாகத் தற்கொலை ஆபத்து உள்ளவர்கள், வேறு கடும் நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், மதுப்பழக்கம் உள்ளவர்கள் வெளியே நிற்பார்கள். புதிய சனோமெலின் மருந்தின் அந்த ஆய்வுகளில், ஏற்கெனவே மருந்துகளுக்குப் பணியாத நோய் உள்ளவர்களும் சேர்க்கப்படவில்லை. அக்காவின் மகனோ இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் எடுத்தும் குரல்கள் நிற்காதவர். படலையிலேயே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவருக்கு அந்த மருந்து உதவவே உதவாது என்று இதற்குப் பொருளில்லை. அந்த 9.6 புள்ளி அவரைப் போன்றவர்களிடமிருந்து வந்ததல்ல, அவ்வளவுதான்.

அவரைப் போன்றவர்களையே தேடிப்பிடித்து நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. அது 1988 இல் வெளியானது. மருந்து குளோசபின். அதன் வரலாறு துயரமானது. 1975 இல் பின்லாந்தில் அதை எடுத்தவர்களில் சிலருக்கு, கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் திடீரென்று குறைந்து, 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் அது ஒதுக்கி வைக்கப்பட்டது. ஆனால் வேறு எதற்கும் பணியாத நோயாளிகள் அதில் தேறியதைக் கண்டவர்கள் மறக்கவில்லை. ஜோன் கேன் என்பவர் தலைமையில், குறைந்தது மூன்று மருந்துகள் பயனளிக்காதவர்களை மட்டும் எடுத்தார்கள். அந்தக் கதையைக்கூட வாய்ச்சொல்லாக நம்பவில்லை. ஹலோபெரிடோல் என்ற வழக்கமான மருந்தை 6 வாரம் தாங்களே கொடுத்து, உண்மையிலேயே பணியவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகே 268 பேரை எழுமாறாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் குளோசபின், மறு பகுதிக்குக் குளோர்புரோமசின். 6 வாரத்தின் முடிவில் தேறியவர்கள் குளோர்புரோமசினில் 4 வீதம், குளோசபினில் 30 வீதம். எதிராளி வெற்றுக் குளிசை அல்ல, வேலை செய்யும் ஒரு மருந்து என்பதையும் கவனியுங்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு.

சம்மதம் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஆய்வில் சேரச் சொல்லி எங்களிடம் ஒருவர் வந்தால், “டொக்டர் சொன்னால் சரிதானே” என்று கையெழுத்துப் போடுவதுதான் எங்கள் வழக்கம். 1964 இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம், ஆய்வில் சேருபவரின் நலனே ஆய்வின் பயனைவிட முந்தியது என்ற அடிப்படையில் நிற்கிறது. சேர மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது, இடையில் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வெற்றுக் குளிசை கிடைக்கக்கூடும் என்றால் அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: எதோடு ஒப்பிடுகிறீர்கள், எத்தனை வாரம், எங்கே பதிவுசெய்திருக்கிறீர்கள், எந்த ஒழுக்கவியற் குழு அனுமதித்தது, ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? நோயாளி தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரையே கேட்க வேண்டும். அண்ணனோ அம்மாவோ அவருக்காகத் தலையாட்டுவது சம்மதம் ஆகாது.

அன்று வாங்கில் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. எங்கள் இலக்கம் வந்துவிட்டது. அக்கா காணிக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் மகனின் கொப்பிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்து மேசையில் வைத்து, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வாரம் என்று பார்க்கும்படி டொக்டரிடம் கேட்டிருக்கிறார். பிறகு குளோசபின் பற்றிக் கேட்டிருக்கிறார்.

இப்போது அவர் வாரந்தோறும் வருகிறார். வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை எழுதிய துண்டுகளைத் திகதி வரிசைப்படி கொப்பியில் ஒட்டியிருக்கிறார். மகனுக்கு இரவில் தலையணை நனையும் அளவுக்கு எச்சில் ஊறுகிறது, பகலிலும் தூங்கி விழுகிறான். குரல்கள் குறைந்திருக்கின்றனவா என்று நான் கேட்டேன். “மூன்றாவது வாரம்தானே, மாஸ்டர். இன்னும் சொல்ல ஏலாது,” என்றார்.